ஒரு புள்ளி தவறினால் என்ன ஆகும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சுநடையை முழுக்க மாற்றாமல், வாசிக்க வசதியாகத் திருத்தப்பட்டுள்ளது.)

டிரான்ஸ்ஃபர் விண்டோ திறந்தா போதும், நம்ம வாட்ஸ்அப் குரூப்ல ஒரே கத்தல்தான். "ஓனர் காசை இறக்க மாட்டேங்கிறான்." "கஞ்சப் பய கிளப்." "இன்னும் ஒரு ஸ்ட்ரைக்கர் வாங்கலன்னா இந்த சீசன் அவ்ளோதான்." நானும் கத்தியிருக்கேன், இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா சமீபகாலமா ஒரு கேள்வி மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. காசை இறக்கினதுக்கு அப்புறமும் தோத்துட்டா என்ன ஆகும்?

நம்ம ஊரில் இதுக்கு ரெண்டு பழமொழி இருக்கு. ஒன்று, விரலுக்குத் தகுந்த வீக்கம். இன்னொன்று, துணிந்தவனுக்குத் துக்கமில்லை. ரெண்டையும் ஒரே பாட்டி ஒரே நாளில் சொல்லுவாங்க. ஃபுட்பால் கிளப் நடத்துறவங்க பிரச்சினையே இந்த ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிறதுதான்.

இன்னைக்கு ரெண்டு இங்கிலாந்து கிளப்களோட கதை சொல்றேன். லீட்ஸ் யுனைடெட், பிரென்ட்ஃபோர்ட். ரெண்டுமே கைக்கு எட்டியதை மயிரிழையில் தவறவிட்டவை. ஒரு கிளப் அதுக்கப்புறம் 16 வருஷம் பிரீமியர் லீக் பக்கமே வர முடியாமல் கிடந்தது. இன்னொரு கிளப் அடுத்த வருஷமே திரும்பி வந்து ஜெயித்தது. வித்தியாசம் எங்க இருந்ததுன்னு பார்ப்போம்.

லீட்ஸ்: வராத பணத்தைச் செலவழித்த கதை

லீட்ஸ் சாதாரண கிளப் கிடையாது. பிரீமியர் லீக் தொடங்குவதற்கு முந்தைய கடைசி சீசனில், 1992ல், இங்கிலாந்து சாம்பியன் அவர்கள்தான். 1998ல் டேவிட் ஓலியரி மேனேஜர் ஆனார். கையில் இளம் வீரர்கள். தலைவர் பீட்டர் ரிட்ஸ்டேல். 1999-2000 சீசனில் மூன்றாவது இடம் பிடித்து சாம்பியன்ஸ் லீக் போனார்கள்.

போன இடத்தில் கலக்கினார்கள். மிலானும் பார்சிலோனாவும் இருந்த குரூப்பிலிருந்து, பார்சிலோனாவை வெளியே தள்ளிவிட்டு மேலே வந்தார்கள். லாசியோவை ரோமிலேயே போய் 1-0 என்று வீழ்த்தினார்கள். அந்த ஒரே கோலை அடித்தவர் ஆலன் ஸ்மித். வயது 20. லீட்ஸ் பகுதியிலேயே பிறந்து வளர்ந்த பையன். இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவார்.

அதே சீசனின் நடுவில், 2000 நவம்பரில், வெஸ்ட் ஹாமிடமிருந்து ரியோ ஃபெர்டினாண்டை 1.8 கோடி பவுண்டுக்கு வாங்கினார்கள். அன்றைக்கு உலகத்திலேயே அதிக விலைக்குப் போன டிஃபெண்டர் அவர்தான். அணி செமி ஃபைனல் வரை போனது. வலென்சியாவுடன் சொந்த மைதானத்தில் 0-0, ஸ்பெயினில் 0-3. அத்தோடு முடிந்தது.

ஆனா உண்மையான அடி அந்த செமி ஃபைனலில் விழவில்லை. லீக் டேபிளில்தான் விழுந்தது. அப்போது இங்கிலாந்திலிருந்து முதல் 3 அணிகளுக்குத்தான் சாம்பியன்ஸ் லீக் இடம். மூன்றாவது வந்த லிவர்பூலுக்கு 69 புள்ளி. நான்காவது வந்த லீட்ஸுக்கு 68. ஒரே ஒரு புள்ளி!

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி யோசிங்க. ஒரு புள்ளி குறைந்ததால் அணி மோசமாகிவிடவில்லை. அதே வீரர்கள், அதே மேனேஜர். ஆனால் வருமானக் கணக்கு தலைகீழாகிவிட்டது. சம்பளமும் கடனும் சாம்பியன்ஸ் லீக் பணம் வருஷா வருஷம் வரும் என்ற நம்பிக்கையில் போடப்பட்டவை. அப்ரைசலில் பெரிய ஹைக் வரும்னு நம்பி இப்பவே பெரிய கார் லோன் போடுற மாதிரி. ஹைக் வரல. இஎம்ஐ மட்டும் மாசம் தவறாம வருது.

அப்போது கொஞ்சம் அடக்கி வாசித்திருக்கலாம். அவர்கள் செய்ததோ வேறு. 2001ல் 6 கோடி பவுண்ட் கடன் வாங்கினார்கள். 25 வருஷக் கடன். எதை ஈடு வைத்தார்கள் தெரியுமா? எதிர்காலத்தில் ரசிகர்கள் வாங்கப்போகும் டிக்கெட் பணத்தை. அதாவது அன்றைக்குப் பிறக்காத ஒரு குழந்தை 2020ல் வாங்கப்போகும் டிக்கெட்டையும் சேர்த்து 2001லேயே அடகு வைத்தாயிற்று. அதற்குப் பிறகும் லிவர்பூலிலிருந்து ராபி ஃபௌலர் வந்தார்.

இதில் வேடிக்கை என்னன்னா, 2002 புத்தாண்டு அன்று லீட்ஸ்தான் லீக்கில் முதலிடம். சூதாட்டம் பலிச்சிடும் போலத்தான் இருந்தது. சீசன் முடியும்போது ஐந்தாவது இடம். மறுபடியும் சாம்பியன்ஸ் லீக் இல்லை.

அதுக்கப்புறம் சரிவுதான். ஓலியரி நீக்கப்பட்டார். 2002 ஜூலையில் ஃபெர்டினாண்ட் சுமார் 3 கோடி பவுண்டுக்கு, அதுவும் பரம எதிரியான மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு, போனார். ராபி கீன் போனார், உட்கேட் போனார். அவ்வளவு செலவழித்திருக்கக் கூடாதுதான், ஆனாலும் நாங்கள் அந்தக் கனவை வாழ்ந்து பார்த்தோம் என்கிற அர்த்தத்தில் ரிட்ஸ்டேல் பேசியது இன்றுவரை இங்கிலாந்தில் கேலிக்குப் பயன்படுகிறது. தலைவர் அறையில் இருந்த மீன் தொட்டிகூட வாடகைக்கு எடுத்ததுதான் என்பது பிறகு தெரியவந்து, அந்த மீன்கள் கிளப்பின் ஊதாரித்தனத்துக்கு அடையாளமாகவே ஆகிவிட்டன. மீனுக்கான வாடகை சில்லறைக் காசுதான். கிளப்பை மூழ்கடித்தது மீன் இல்லை, அந்த 25 வருஷக் கடன் மாதிரியான கணக்குகள்.

2004 மே மாதம் லீட்ஸ் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது. கடைசி ஹோம் மேட்ச் முடிந்ததும் ரசிகர்கள் ஆலன் ஸ்மித்தைத் தோளில் தூக்கினார்கள், அவர் அழுதுகொண்டிருந்தார். சில வாரங்களில் அவரையும் விற்றார்கள். எந்த கிளப்புக்கு? அதே மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு. எல்லண்ட் ரோடு மைதானத்தையும் விற்றார்கள். 2007ல் திவால் நடவடிக்கை, 10 புள்ளி பிடித்தம், மூன்றாவது டிவிஷன். மறுபடி பிரீமியர் லீக்குக்கு வந்தது 2020ல். அதுவும் கொரோனா காலம். 16 வருஷம் காத்திருந்த ரசிகர்களில் ஒருவர்கூட அந்தக் கடைசி மேட்ச்களை மைதானத்துக்குள் உட்கார்ந்து பார்க்க முடியவில்லை.

பில்லை யார் கட்டுவது?

சரி, துணிஞ்சாங்க, தோத்தாங்க. அதுல என்ன தப்புன்னு நீங்க கேட்கலாம். தப்பு எங்கன்னா, துணிஞ்சது ஒருத்தர், துக்கம் இன்னொருத்தருக்கு.

போர்ட்ஸ்மவுத்தைப் பாருங்க. அவர்கள் சூதாட்டத்தில் ஒருவகையில் ஜெயிக்கவே செய்தார்கள். 2008ல் எஃப்ஏ கப் அவர்கள் கையில். ரெண்டே வருஷத்தில், 2010 பிப்ரவரியில், திவால் நடவடிக்கைக்குள் போன முதல் பிரீமியர் லீக் கிளப் ஆனார்கள். இங்கிலாந்து ஃபுட்பாலில் ஒரு விதி உண்டு: கிளப் திவாலானால் வீரர்களின் சம்பளப் பாக்கியையும் மற்ற கிளப்களுக்குத் தரவேண்டிய டிரான்ஸ்ஃபர் பணத்தையும் முதலில் முழுசாகத் தீர்க்க வேண்டும். இல்லாவிட்டால் லீக்கில் இடம் கிடையாது. மிச்சம் இருப்பதில்தான் மற்றவர்களுக்கு. யார் அந்த மற்றவர்கள்? கேட்டரிங் போட்டவர், பிரின்ட்டிங் செய்துகொடுத்தவர், பிளம்பர், அரசாங்கத்தின் வரி. கோடியில் சம்பளம் வாங்குகிறவருக்கு முழுத் தொகை, தெருமுனைக் கடைக்காரருக்கு ஏதோ கொஞ்சம். பெரிய கிளப் வாசலில் கடன் கொடுத்த சின்ன வியாபாரியின் நிலைமை இது. கடைசியில் 2013ல், நான்காவது டிவிஷனுக்கு இறங்கிய நேரத்தில், ரசிகர்களே பணம் போட்டு அந்த கிளப்பை வாங்கிக் காப்பாற்றினார்கள்.

எல்லா ஊருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. மான்செஸ்டருக்குப் பக்கத்தில் பெரி என்று ஒரு ஊர். 1885ல் தொடங்கிய கிளப். 1903 எஃப்ஏ கப் ஃபைனலில் 6-0 என்று ஜெயித்தவர்கள். 2018-19 சீசனில், வீரர்களுக்குச் சம்பளமே ஒழுங்காக வராத நிலையிலும், நன்றாக ஆடி மூன்றாவது டிவிஷனுக்கு உயர்ந்தார்கள். அதற்கு முன்பே கிளப் ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறியிருந்தது. ஒரு பவுண்ட்! கூடவே கடனும்.

2019 ஆகஸ்ட் 27. அன்று ஏதாவது ஒரு வழியில் கிளப் தப்பிவிடும் என்ற நம்பிக்கையில் நூற்றுக்கணக்கான ரசிகர்கள் கிக் லேன் மைதானத்துக்கு வந்தார்கள். சும்மா வரவில்லை. துடைப்பமும் துணியும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். அடுத்த மேட்சுக்கு மைதானம் தயாராக இருக்க வேண்டும் என்று இருக்கைகளைத் துடைத்தார்கள். அன்று இரவே பெரி லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. அந்த சீசனில் அவர்கள் ஒரு மேட்ச்கூட ஆடவில்லை.

இந்தக் காட்சியை என்னால மறக்க முடியல. கிளப் நஷ்டத்துல போனதுக்கும் அந்த இருக்கையைத் துடைச்ச ஆளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல. அவங்க எந்தக் கடன் பத்திரத்துலயும் கையெழுத்துப் போடல. ஆனா சனிக்கிழமை மதியம் போறதுக்கு இடமில்லாமப் போனது அவங்களுக்குத்தான். ரசிகர்கள் விடாமல் போராடி, 2023ல் அந்த ஊர் கிளப் மறுபடி கிக் லேனில் ஆடத் தொடங்கியது, பல படி கீழே இருந்து.

பிரென்ட்ஃபோர்ட்: தோற்பதற்கும் திட்டம் வைத்திருந்தவர்கள்

இப்ப அடுத்த கிளப். மேற்கு லண்டனில், செல்சி, ஃபுல்ஹாம் என்று பெரிய பேர்கள் சுற்றி நிற்கிற இடத்தில் ஒரு சின்ன கிளப். 1947க்குப் பிறகு முதல் டிவிஷனையே பார்க்காதவர்கள்.

தோல்வியில் இவர்களுக்கு இருக்கும் அனுபவம் யாருக்கும் கிடையாது. 2013ல் கடைசி நாள், கடைசி நிமிஷம், ஒரு பெனால்ட்டி. அடித்தால் அடுத்த டிவிஷன். பந்து பாரில் பட்டுத் திரும்பியது. அதே வேகத்தில் டான்காஸ்டர் அந்தப் பக்கம் ஓடிப்போய் கோல் போட்டு, அவர்கள் உயர்ந்துவிட்டார்கள். பிளே ஆஃபில் மட்டும் 9 தடவை தோற்ற கிளப் இது.

2020 ஆகஸ்ட். வெம்ப்ளியில் பிளே ஆஃப் ஃபைனல், எதிரே ஃபுல்ஹாம். இந்த ஒரு மேட்சை ஜெயித்தால் 10 கோடி பவுண்டுக்கு மேல் வருமானம். எக்ஸ்ட்ரா டைமில் 1-2 என்று தோற்றார்கள். லீட்ஸ் ஒரு புள்ளியில் விட்ட மாதிரி, இவங்க ஒரு மேட்ச்ல விட்டாங்க.

அப்புறம் நடந்ததைக் கவனிங்க. அந்த அணியின் முக்கிய ஸ்ட்ரைக்கர் ஆலி வாட்கின்ஸ். 2017ல் எக்ஸிட்டர் என்ற நான்காவது டிவிஷன் கிளப்பிலிருந்து சுமார் 18 லட்சம் பவுண்டுக்கு வாங்கப்பட்டவர். அவரை ஆஸ்டன் வில்லாவுக்குச் சுமார் 2.8 கோடி பவுண்டுக்கு விற்றார்கள். பென்ரஹ்மா வெஸ்ட் ஹாமுக்குப் போனார். அப்போ வாட்ஸ்அப் குரூப் இருந்திருந்தா என்ன எழுதியிருப்போம்? "முடிஞ்சது. லட்சியமே இல்லாத கிளப்."

ஆனால் வாட்கின்ஸ் போவார் என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். மாற்று ஆள் தயார். மூன்றாவது டிவிஷனில் பீட்டர்பரோவுக்கு ஆடிக்கொண்டிருந்த ஐவன் டோனி. அந்த சீசனில் அவர் லீக்கில் 31 கோல் அடித்தார். 2021 மே 29, மறுபடி வெம்ப்ளி, ஸ்வான்சியை 2-0 என்று ஜெயித்து 74 வருஷத்துக்குப் பிறகு மேலே வந்தார்கள். பிரீமியர் லீக்கில் முதல் மேட்ச்சே ஆர்சனலை 2-0.

இதை ஏதோ ஏழை கிளப்பின் அதிசயம்னு விக்க எனக்கு விருப்பமில்ல. உரிமையாளர் மேத்யூ பென்ஹாம் பந்தயக் கணக்குகளில் சம்பாதித்த பணக்காரர், சின்ன வயசிலிருந்து இந்த கிளப்பின் ரசிகர். தன் சொந்தப் பணத்தை நிறையவே போட்டிருக்கிறார். செலவைக் குறைக்க 2016ல் இளம் வீரர்களுக்கான அகாடமியையே மூடினார்கள், அதில் பல பையன்களின் கனவு போனது. அதனால இது தியாகிக் கதை கிடையாது. பந்தயம் கட்டத் தெரிந்த ஒருவரின் கதை. பந்தயம் தெரிந்தவருக்கு ஒரு விஷயம் நிச்சயமாகத் தெரியும்: எவ்வளவு நல்ல கணக்கும் ஒருநாள் தோற்கும். தோற்ற அன்றைக்கும் மேசையை விட்டு எழுந்து போகாத அளவுக்குக் கையில் காசு இருக்க வேண்டும்.

லீட்ஸின் திட்டம் ஜெயித்தால் மட்டுமே வேலை செய்யும். பிரென்ட்ஃபோர்டின் திட்டம் தோற்றாலும் வேலை செய்யும். எனக்குப் புரிஞ்ச வரைக்கும் மொத்த வித்தியாசமும் இதுதான்.

விதி போட்டால் சரியாகிவிடுமா?

"அப்போ சட்டம் போட்டு செலவைக் கட்டுப்படுத்தலாமே?" போட்டார்கள். 3 வருஷத்தில் மொத்த நஷ்டம் 10.5 கோடி பவுண்டைத் தாண்டக் கூடாது என்று பிரீமியர் லீக் ஒரு விதி கொண்டுவந்தது. சும்மா பேருக்கு இல்லை. 2023-24 சீசனில் எவர்ட்டனுக்கும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கும் புள்ளிகளே பிடிக்கப்பட்டன.

ஆனா ஒவ்வொரு விதிக்கும் ஒரு ஓட்டை, ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு பலி. இந்தக் கணக்கை மட்டும் பொறுமையா கேளுங்க. 5 கோடிக்கு ஒரு வீரரை 5 வருஷ ஒப்பந்தத்தில் வாங்கினால், செலவை வருஷத்துக்கு 1 கோடி என்று பிரித்து எழுதலாம். ஆனால் விற்கும்போது வரும் லாபத்தை அந்த வருஷமே முழுசாக எழுதலாம். சொந்த அகாடமியில் வளர்ந்த பையனுக்கு வாங்கிய விலை என்று எதுவும் இல்லை. அவரை 3.5 கோடிக்கு விற்றால் மொத்தமும் லாபம். அப்படின்னா கணக்கு இடிக்கும்போது யாரை முதல்ல விப்பாங்க? உள்ளூர் பையனைத்தான்.

2024 ஜூன் 30 கணக்கு முடிகிற நாள். நியூகாசிலுக்கு உரிமையாளர் சவுதி அரேபியாவின் அரசு முதலீட்டு நிதி. உலகத்திலேயே பெரிய பணப்பெட்டிகளில் ஒன்று. அவர்களே எலியட் ஆண்டர்சனை ஃபாரஸ்டுக்கு விற்க வேண்டி வந்தது. 8 வயதில் நியூகாசில் அகாடமியில் சேர்ந்த அந்தப் பகுதிப் பையன். மேனேஜருக்கும் விற்க இஷ்டமில்லை. 2025ல் அவர் இங்கிலாந்து அணிக்கு ஆடினார், ஃபாரஸ்ட் வீரராக.

2004ல் ஆலன் ஸ்மித். 2024ல் எலியட் ஆண்டர்சன். ஒருத்தர் போனது கிளப்பிடம் காசே இல்லாததால். இன்னொருத்தர் போனது காசு இருந்தும் விதி இடிச்சதால். ரெண்டு தடவையும் ஊர்ப் பையன்தான் போனான்.

அதுக்காக விதியே வேண்டாம்னு சொல்லல. விதி இல்லாத காலத்துலதான் பெரி நடந்தது, போர்ட்ஸ்மவுத் நடந்ததுன்னு சுலபமா சொல்லலாம், ஆனா அப்பவும் சில விதிகள் இருந்தன. இல்லாதது, முன்கூட்டியே கணக்கைத் திறந்து பார்த்து "இந்தத் திட்டம் தோற்றால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்கிற ஒரு ஆள். பெரி மூடப்பட்டது கிளப்பிய கோபமும் ஒரு காரணமாக, 2025ல் பிரிட்டனில் ஒரு சட்டம் நிறைவேறி, இங்கிலாந்தின் முதல் 5 டிவிஷன்களுக்கும் லீக்கைச் சாராத ஒரு கண்காணிப்பு அமைப்பு உருவாகியிருக்கிறது. யார் கிளப்பை வாங்கலாம், அவர்களின் பணத் திட்டம் என்ன என்று கேட்க அதற்கு அதிகாரம் உண்டு. எவ்வளவு தூரம் கேட்பார்கள் என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

கடைசியா ஒன்னு. லீட்ஸ் ரசிகர் ஒருத்தர்கிட்ட போய் "உங்க கிளப் 2001ல அடக்கமா இருந்திருக்கலாமே"ன்னு கேட்டா, எல்லாரும் ஆமான்னு சொல்ல மாட்டாங்க. ரோமில் ஸ்மித் அடித்த அந்த கோல் அவர்களுக்கு இன்னும் இருக்கிறது. பிரென்ட்ஃபோர்டுக்கு அப்படி ஒரு ஐரோப்பிய இரவு இதுவரை இல்லை. அதையும் நான் மறைக்கல. ஆசைப்படாத கிளப்பை யாரும் காதலிக்க முடியாது.

ஆனா ஆசைப்படறது வேற, அடுத்த தலைமுறையோட டிக்கெட்டை அடகு வச்சு ஆசைப்படறது வேற. அதனால அடுத்த டிரான்ஸ்ஃபர் விண்டோல "யாரை வாங்கப் போறோம்?"னு குரூப்ல கேக்குறப்போ, கூடவே இன்னொரு கேள்வியையும் போட்டு வைங்க. "ஒரு புள்ளி தவறினா என்ன ஆகும்?" அதுக்குப் பதில் சொல்லத் தெரிஞ்ச கிளப்னா, ஸ்ட்ரைக்கர் வாங்கலன்னாலும் பரவாயில்ல, கொஞ்சம் நிம்மதியா தூங்கலாம்.

உங்க கிளப்புக்கு அந்தப் பதில் இருக்கா? யோசிச்சு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.